அமிகாவுக்கு வேகம் கூட்டுமுன் அடாப்டரைப் பாருங்கள்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். பழைய பொருள் சந்தையில் அமிகா 1200 என்ற பழைய ஹோம் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். பக்கவாட்டு பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டில் மெமரி கார்டைச் செருகி ஃபைல்களை ஏற்றுகிறேன். வேகத்துக்கு ஆக்ஸிலரேட்டர் கார்டு (வேகமான ப்ராசசர் உள்ள கார்டு) போட ஆசை. 68060 ப்ராசசர் உள்ள கார்டு தவிர எதுவும் வீண் என்கிறார் ஒரு விற்பனையாளர். நானே மாட்டலாமா? மெஷின் எரிந்துவிடாதே?

பதில்: தாராளமாக நீங்களே மாட்டலாம். சால்டரிங் வேலை எதுவும் இல்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மெஷினைக் கவிழ்த்தால் அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் மதர்போர்டின் விளிம்பு தெரியும். முப்பது வருட அழுக்கு அதில் கறுப்பாகப் படிந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு கார்டின் சாக்கெட்டை அந்த விளிம்பில் நேராக வைத்து, எதிர்ப்பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு அழுத்த வேண்டும். நன்றாகவே இறுக்கும், பயப்படாதீர்கள். ஆன் செய்ததும் திரை மஞ்சளாக நின்றால் பெரும்பாலும் கார்டு முழுசாக உட்காரவில்லை என்றுதான் பொருள். கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

கார்டு மாட்டியதால் எரிந்த மெஷினை நான் பார்த்ததில்லை. அடாப்டரால் கெட்டவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். 1200-உடன் வந்த சின்ன அடாப்டர் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் தரும். அதுவும் புதிதாக இருந்தபோது! ஃப்ளாப்பிக்குப் போகும் சிவப்பு, கறுப்பு வயர்களில் மல்டிமீட்டரை வையுங்கள். மெஷின் ஓடும்போது 4.75 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் கார்டை மறந்துவிட்டு முதலில் புது அடாப்டர் வாங்குங்கள். 'புதுப்பிக்கப்பட்டது' என்று விற்பதை நம்பாதீர்கள். மேலே துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டியதைத்தான் பாதிப் பேர் புதுப்பித்தல் என்கிறார்கள். போர்டில் உள்ள சின்ன கெபாசிட்டர்களும் கசியும் வயதில்தான் இருக்கின்றன. அவற்றை மாற்ற மட்டும் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இப்போது உங்கள் விற்பனையாளருக்கு வருவோம். 68060 உங்களுக்கு வேண்டாம். 1200-இல் இருப்பது 14 மெகாஹெர்ட்ஸ் 68இசி020 ப்ராசசர். மெஷினில் உள்ள 2 எம்பி மெமரியை (சிப் ராம்) படம் வரையும் சிப்களும் பங்கு போட்டுக்கொள்வதால் ப்ராசசர் பாதி நேரம் காத்துக் கிடக்கும். ப்ராசசருக்கு மட்டுமேயான தனி மெமரி (ஃபாஸ்ட் ராம்) சேர்த்தாலே வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 50 மெகாஹெர்ட்ஸ் 68030 கார்டு போட்டால் விளையாட்டுகளுக்கு அதுவே தாராளம்.

68060 பெயரில்தான் பித்தலாட்டமும் அதிகம். எஃப்பியு (தசமக் கணக்குப் போடும் பகுதி) இல்லாத எல்சி வகை சிப்பை வாங்கி, மேல்பரப்பைத் தேய்த்து, முழு 68060 என்று புதுப் பெயர் அச்சடித்து விற்பார்கள். நானும் ஒருமுறை ஏமாந்தேன். அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஒரு தடவு தடவினேன். எழுத்து முழுக்கப் பஞ்சுக்கு வந்துவிட்டது. மெஷினின் விவரம் காட்டும் சிஸ்இன்ஃபோ ப்ரோகிராமைப் போட்டுப் பார்த்தால் எஃப்பியு இல்லை. புகார் கொடுத்தேன். விற்ற தளம் 'நிபுணர் சான்றிதழ்' கேட்டது. 1994-இல் வந்த சிப்புக்கு யாரிடம் போய்ச் சான்றிதழ் வாங்குவது? 'சோதிக்கப்படவில்லை, இருக்கும் நிலையில்' என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தால் போதும், விற்றவர் புனிதராகிவிடுகிறார். அந்த வரி கண்ணில் பட்டால் வாங்காதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும், அதுவும் உங்களுக்கு இருக்கும் அந்த மெமரி கார்டால். அடியில் மாட்ட மலிவாகக் கிடைக்கும், ப்ராசசர் இல்லாத சாதாரண ராம் கார்டுகள் 8 எம்பி வரை தரும். 68இசி020 மொத்தமே 16 எம்பி இடத்தைத்தான் பார்க்கும். அதில் ராமுக்கென்று ஒதுக்கிய 8 எம்பி வரிசையின் பின்பாதி 4 எம்பி, பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டுக்கும் உரியது. எட்டையும் ராம் பிடித்துக்கொண்டால் ஸ்லாட் செத்துவிடும். மெமரி கார்டு கெட்டுப்போயிற்று என்று நினைத்துப் புதிது வாங்கி, அதுவும் ஓடாமல் திண்டாடியவர்கள் உண்டு. சரி, என்ன செய்வது? அந்த வகைக் கார்டு என்றால் அதிலுள்ள ஜம்பரை (அளவை மாற்றும் சின்ன இணைப்பை) 4 எம்பியில் வையுங்கள். 68030 கார்டு தன் ராமை அந்த 16 எம்பிக்கு வெளியே வைத்துக்கொள்வதால் இந்தச் சண்டையே வராது. வாங்குமுன் விற்பவரிடம் 'முழு ராமோடு பிசிஎம்சிஐஏ ஓடுமா' என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், சில பழைய விளையாட்டுகள் வேகமான ப்ராசசரில் முரண்டு பிடிக்கும். ஆன் செய்யும்போது மவுஸின் இரண்டு பட்டன்களையும் அழுத்திப் பிடித்தால் ஒரு மெனு வரும். அதில் கேஷை (ப்ராசசருக்குள் இருக்கும் தற்காலிக மெமரியை) அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.