கிங்ஃபிஷரை விற்றபோது ஏன் ஒருவரும் அழவில்லை? கேள்வி பதில்

பீர், சோடா, கூல் டிரிங்க்ஸ் கம்பெனிகள் கைமாறும் கதையைப் பல வருடமாகத் தொடர்ந்து படித்து வருபவன் என்பதால், இந்த வாரக் கேள்விகளை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். சரி. இரண்டு நிபந்தனை மட்டும். ஷேர் வாங்கலாமா என்று கேட்காதீர்கள். எந்த பீர் நல்லது என்றும் கேட்காதீர்கள்.

பெரம்பூர்: சார், கிங்ஃபிஷர் இப்போது இந்தியக் கம்பெனியா, இல்லையா?

தலைமை அலுவலகம் பெங்களூரு, பங்குச் சந்தை மும்பை, சாவி நெதர்லாந்தில் இருக்கும் ஹைனெகன் என்ற பீர் கம்பெனியிடம். 2008-இல் ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் என்ற பிரிட்டிஷ் கம்பெனியை ஹைனெகனும் கார்ல்ஸ்பெர்கும் பங்கு போட்டுக்கொண்டபோது, அதனிடம் இருந்த, கிங்ஃபிஷரைத் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீஸின் 37.5 சதவீதம் ஹைனெகன் பக்கம் போனது. 2021 ஜூனில் விஜய் மல்லையாவின் பங்குகளைக் கடன் பாக்கிக்காக விற்றார்கள். சுமார் 15 சதவீதத்தை ஹைனெகன் எடுத்தது. அதற்குள் 46.5 சதவீதமாக ஏறியிருந்த அதன் பங்கு 61.5 ஆனது. அவ்வளவுதான் கதை.

ஆனால் 'நம்ம' கம்பெனி என்று உருகுவதற்கு முன்னால் ஒன்று. 1915-இல் தென்னிந்தியாவின் சில பீர் ஆலைகளை ஒன்றாக்கி இதைத் தொடங்கியவர் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். விஜய் மல்லையாவின் அப்பா விட்டல் மல்லையா உள்ளே வந்தது 1947-இல். வெள்ளைக்காரர் தொடங்கி, நம்மவர் வாங்கி, திரும்ப வெள்ளைக்காரரிடமே போயிருக்கிறது.

வேளச்சேரி: அமெரிக்காவில் பட்வைசரை விற்றபோது ஊரே கொதித்ததாமே. இங்கே மட்டும் ஏன் சத்தமே இல்லை?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

2008 கோடையில் பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இன்பெவ், பட்வைசரைத் தயாரிக்கும் அமெரிக்காவின் அன்ஹய்சர்-புஷ் கம்பெனிக்குப் பங்குக்கு 65 டாலர் என்று விலை வைத்தது. அந்தக் கம்பெனியின் சொந்த ஊரான, மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம் பொங்கிவிட்டது. இணையத்தில் கையெழுத்து இயக்கம், தெருவில் ஊர்வலம். மிசௌரி ஆளுநர் எதிர்த்தார். அதிபர் தேர்தல் வேட்பாளராக இருந்த ஒபாமாவும், வெளிநாட்டுக்குப் போவது வருத்தம் தரும் என்கிற மாதிரி பேசினார். அப்புறம்? விலை 70 டாலராக ஏறியது. மொத்தம் 52 பில்லியன் டாலர். ஜூலை நடுவிலேயே நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது. புஷ் குடும்பத்திலேயே ஒருவர் விற்கச் சொல்லி வெளிப்படையாக எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டவர்கள் கையில் பங்கு இல்லை. பங்கு வைத்திருந்தவர்கள் கையெழுத்துப் போடவில்லை. அந்த டிசம்பரிலேயே சுமார் 1,400 பேருக்கு வேலை போகும் என்று அறிவிப்பு வந்தது. 2016-இல் அதே கம்பெனி பட்வைசர் கேனில் பெயரை எடுத்துவிட்டு 'அமெரிக்கா' என்றே அச்சடித்து விற்றது. நாட்டுப்பற்றும் விலைக்குப் போன சரக்கில் சேர்த்தி போலிருக்கிறது.

இங்கே ஏன் இல்லை என்றால், முதல் காரணம் அரசியல். மிசௌரியில் ஓர் ஆளுநர் பீருக்காகக் கண்ணைக் கசக்கலாம். இங்கே எந்தக் கட்சித் தலைவர் மேடையேறி 'நம் பீரைக் காப்போம்' என்பார்? மதுவிலக்கு அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவிலேயே இருக்கிறது. 2016-இல் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட உத்தரவு போட்டார். ஓட்டு கடையை மூடுவதில்தான். இரண்டாவது, டாஸ்மாக். 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் அரசுதான். கடைக்குப் போகிறவர் 'கூலிங் இருக்கா' என்று கேட்பார், இருப்பதை வாங்குவார். பிராண்டைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே இல்லாத இடத்தில் பிராண்டுக்காகக் கோபம் எங்கிருந்து வரும்? மூன்றாவது, விற்கப்பட்டது ஒரு கடனாளியின் சொத்து. வங்கிக்குப் பணம் வந்ததே என்று ஊர் பெருமூச்சு விட்டது.

தாம்பரம்: ஹைனெகன் வந்த பிறகு ருசி மாறிவிட்டது என்கிறார்களே?

உலகத்தில் எந்த பீர் கைமாறினாலும் அடுத்த வாரம் வரும் புகார் இது. பட்வைசரில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று 2013-இல் வழக்கே போட்டார்கள். மறு வருடம் தள்ளுபடி ஆனது. ருசியை விடுங்கள், எங்கே காய்ச்சியது என்று பாருங்கள். ஜெர்மனியின் பெக்ஸ் பீர் இன்பெவ் கைக்குப் போன பிறகு, அமெரிக்காவில் விற்கும் பாட்டிலை 2012 முதல் செயின்ட் லூயிஸிலேயே காய்ச்சினார்கள். லேபிள் மட்டும் ஜெர்மன் வாசனை. குடித்தவர்கள் வழக்குப் போட்டு 2015-இல் சமரசம் ஆனது: ரசீது இருந்தால் 50 டாலர் வரை, இல்லாவிட்டால் 12 டாலர் வரை. லேபிளில் ஆலையின் முகவரி இருக்கும். அதைப் படியுங்கள்.

ஆலந்தூர்: இப்போது யுனைடெட் புரூவரீஸ் ஷேர் வாங்கினால்...

முதல் பத்தியைப் படியுங்கள்.

மயிலாப்பூர்: மல்லையா திரும்பி வருவாரா?

அது கோர்ட் சமாச்சாரம். அடுத்தது.

வண்ணாரப்பேட்டை: பீரை விடுங்க அண்ணே. தம்ஸ் அப்பை கோக் வாங்கினப்ப யாரும் கேட்கலை. இன்னிக்கும் மானத்தோடு நிற்கிறது நம்ம பவண்டோ மட்டும்தான்.

யாரும் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள் தம்பி. 1977-இல் அந்நிய முதலீட்டை 40 சதவீதத்துக்குள் குறைக்கச் சொன்னதும் கோகோ கோலா வெளியேறியது. அந்த இடத்தில் பார்லே என்ற இந்தியக் கம்பெனியின் தம்ஸ் அப் உட்கார்ந்தது. 1993-இல் கோக் திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கியது. ஊர்வலம் இல்லை, உண்மை. ஆனால் தம்ஸ் அப்பை ஓரம் கட்டிவிட்டு கோக்கைத் தள்ளப் பார்த்தபோது மக்கள் மசியவில்லை. கடையில் தம்ஸ் அப் என்றே கேட்டார்கள். கடைசியில் கம்பெனி இறங்கி வந்து அதையே வளர்த்தது. 2021-இல் அதன் விற்பனை 100 கோடி டாலரைத் தொட்டது. கேட்க ஆள் குறைந்த கோல்ட் ஸ்பாட் 2000-இல் காணாமல் போனது. செயின்ட் லூயிஸ் ஊர்வலத்தைவிட இது பெரிய எதிர்ப்பு என்பேன்.

அண்ணா நகர்: மன்னிக்கவும், 2017 மறந்துவிட்டதா? மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்ததும் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்றார்கள். எத்தனை நாள் தாங்கியது?

மறக்கவில்லை. மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. இந்தக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்ற வழக்கும் அப்போது சூடாக இருந்தது. மறுநாளே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. பாட்டில்கள் மெல்லத் திரும்பி வந்தன. ஆனால் அந்த மாதங்களில் பவண்டோ பெயரே தெரியாத பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கினார்கள். பவண்டோவைத் தயாரிக்கும், 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்குக்கு அதுபோல ஓர் இலவச விளம்பரம் கிடைத்ததில்லை.

குரோம்பேட்டை: நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எல்லாரும் மக்கள் மக்கள் என்கிறீர்கள். ஃபிரிட்ஜ் யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். பெரிய கம்பெனி ஃபிரிட்ஜ் கொடுக்கும். அதில் தன் பாட்டில்தான் நிற்க வேண்டும் என்று சொல்லும். வெயிலில் வருகிறவன் சில்லென்று இருப்பதைத்தான் எடுப்பான். சின்னக் கம்பெனி பாட்டில் வெளியே கிரேட்டில் சூடாகக் கிடக்கும். வண்ணாரப்பேட்டைத் தம்பியின் மானம் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறது.

வண்ணாரப்பேட்டை: அப்ப கடைக்காரர்தான் துரோகியா?

குரோம்பேட்டை: கரண்ட் பில் நீங்க கட்டுங்க தம்பி.

போதும், இருவரும் ஒரு சோடா குடியுங்கள்.

அம்பத்தூர்: ஹைனெகன் வந்த பிறகு கிங்ஃபிஷர் ருசி...

தாம்பரத்துக்குச் சொன்னதுதான்.

கே.கே. நகர்: வாங்குகிற கம்பெனி ஆலையை மூடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தால் நம்பலாமா?

பீர் இல்லை, சாக்லேட் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தின் கேட்பரியை வாங்க வந்த அமெரிக்க கிராஃப்ட், மூடப்போவதாக இருந்த சோமர்டேல் ஆலையைத் தொடர்ந்து நடத்த முடியும் என்றது. 2010-இல் கம்பெனி கைக்கு வந்த சில நாளில் ஆலையை மூடுவதாக அறிவித்தது. வேலை போலந்துக்குப் போனது. கண்டனம் வந்தது, விதிகளும் மறு வருடம் கடுமையாயின. ஆலை திறக்கவில்லை. எனவே திரும்பச் சொல்கிறேன், வாங்குபவரின் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கொதிக்காதீர்கள். விற்பவர் யார், ஆலைக்கும் ஆட்களுக்கும் எழுத்தில் என்ன இருக்கிறது, எத்தனை வருடத்துக்கு? அதைக் கேளுங்கள்.

திருவொற்றியூர்: ஃபாஸ்டர்ஸ் ஆஸ்திரேலியாவின் பெருமைதானே?

தொடங்கியவர்கள் நியூயார்க்கிலிருந்து போன இரண்டு அண்ணன் தம்பி. இப்போது அங்கே அதன் முதலாளி ஜப்பானின் அசாஹி.

போரூர்: நாளைக்கே பவண்டோவை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கேட்டால்?

குடும்பக் கம்பெனி. அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் நமக்கு மறுநாள் பேப்பரில்தான் தெரியும். அன்றைக்கு ஊர்வலம் போய்ப் பயனில்லை. விற்கவேண்டிய நெருக்கடி அவர்களுக்கு வராமல் இருக்க ஒரே வழி, இன்றைக்குப் பாட்டில் நகர வேண்டும். அண்ணாச்சி, உங்கள் கடையில் எத்தனை இருக்கிறது?

குரோம்பேட்டை: மூணு இருக்கு சார். கூலிங் இல்லை.