துறைமுக நகர நட்டஈடு: தரகரின் தாளில் அப்பா கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: நீர்கொழும்புப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு முப்பது வருடமாகக் கடல்தொழில். கடலை நிரப்பிக் கட்டும் கொழும்பு துறைமுக நகரத்துக்கு மண் அள்ளியதிலிருந்து மீன்பாடு குறைந்துவிட்டது. எங்கள் வாடிக்கு (கரையில் போட்ட மீன்பிடிக் குடிசைக்கு) முன்னால் இருந்த கரையையும் கடல் எடுத்துவிட்டது. இப்போது ஒருவர் வீடு வீடாக வந்து, "இரண்டாம் கட்ட நட்டஈடு வருகிறது, சீனக் கம்பனியோடு நேரே பேசி வாங்கித் தருகிறேன், நூற்றுக்குப் பதினைந்து எனக்கு" என்கிறார். சிங்களத்தில் எழுதிய ஒரு தாளிலும், ஒரு வெற்றுத் தாளிலும் அப்பாவின் கையெழுத்தைக் கேட்கிறார். வைக்கலாமா? எங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா?

பதில்: வைக்க வேண்டாம். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில். அவசரமாக அப்பாவிடம் சொல்ல வேண்டியதும் இதுதான். மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

அந்தச் சிங்களத் தாள் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த வரையில் இப்படி வரும் தாள்கள் பெரும்பாலும் அற்றோணித் தத்துவம்தான். "எனக்குப் பதிலாக இவர் பேசலாம், எழுதலாம், பணத்தைப் பெறலாம்" என்று ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம் அது. தமிழிலோ சிங்களத்திலோ எழுதியிருந்தால்கூட வாசித்துப் பார்க்க வழி உண்டு. வெற்றுத் தாள்தான் ஆபத்து. அதில் பிறகு எதையும் எழுதிக்கொள்ளலாம்: கடன் வாங்கியதாக, படகை விற்றதாக, "முழு நட்டஈட்டையும் பெற்றுக்கொண்டேன்" என்றுகூட. என்னிடம் வந்த ஒரு தொழிலாளி மூன்று தாளில் கையெழுத்து வைத்திருந்தார். அவர் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் தரகரே வைத்துக்கொண்டார். பணம் வந்த அன்றைக்கே போய்விட்டது. கணக்குப் புத்தகத்தை மட்டும் அந்த மனிதர் பத்திரமாக ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

சரி, "சீனக் கம்பனியோடு நேரே பேசுகிறேன்" என்ற கதைக்கு வருவோம். துறைமுக நகரத்தில் பணம் போட்டது சீனக் கம்பனிதான், 140 கோடி அமெரிக்க டொலர் என்று சொன்னார்கள். 2014 செப்டெம்பரில் வேலை ஆரம்பித்தது. அடுத்த வருடம் ஆட்சி மாறியதும் நிறுத்தினார்கள், 2016இல் மறுபடி தொடங்கினார்கள், 2019 ஜனவரியில் 269 ஹெக்டயரையும் நிரப்பி முடித்தார்கள். ஆனால் 2016 ஓகஸ்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மூன்று தரப்பில் இரண்டு நம்முடைய ஆட்கள்: அமைச்சு ஒன்று, நகர அபிவிருத்தி அதிகார சபை மற்றொன்று. மண் அள்ள அனுமதி கொடுத்ததும், யார் மீனவர் என்று பட்டியலில் எழுதுவதும் இலங்கை அரச அலுவலகங்கள்தான். கம்பனியின் வாசலில் எந்தத் தரகருக்கும் தனிக் கதவு கிடையாது. இருப்பதாகச் சொன்னால் அது கதைதான்.

முன்பு ஒரு தடவை பணம் வந்தது உண்மை. மீனவர் வாழ்வாதாரத்துக்கென்று திட்ட நிறுவனம் 50 கோடி ரூபா ஒதுக்கியது, அது கடற்றொழிலாளர் சங்கங்கள் வழியாகப் போனது. அதை வாங்கித் தர நூற்றுக்குப் பதினைந்து தேவைப்படவில்லை. "இரண்டாம் கட்டம்" என்று அவர் சொல்வது நிஜமாக இருந்தால், கடற்றொழில் பரிசோதகருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் ஏதாவது வந்திருக்க வேண்டும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தத் திணைக்களத்தின் எந்தக் கடிதம், இலக்கம் என்ன, திகதி என்ன?" இலக்கம் சொன்னால் குறித்துக்கொண்டு போய் விசாரியுங்கள். சொல்லாவிட்டால் பேச்சு முடிந்தது.

இன்னொரு விதமான தரகரும் உண்டு. அவர் நட்டஈடு பேச மாட்டார், "இந்தக் கரையை அரசாங்கம் எடுக்கப் போகிறது, இப்பவே வந்த விலைக்கு விற்றுவிடுங்கள்" என்பார். சில வேளை இரண்டு வேலையையும் ஒரே ஆளே பார்ப்பார். அரசு காணி எடுப்பதென்றால் சட்டப்படி வழக்கமாக அறிவித்தல் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, அளந்து, பிறகுதான் எடுக்கும். காதில் வந்து சொல்லிவிட்டு எடுக்காது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, ஏதாவது கிடைக்குமா என்பது. கரை போனதற்கு நட்டஈடு கேட்டு வழக்கு வைத்தால், "கடல் எடுத்ததா, மண் அள்ளியதால் போனதா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை. களனி கங்கை கடலில் கொண்டுவந்து விடும் மண் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே நகர்ந்து உங்கள் கரையை வளர்க்கிறது. அந்த ஆற்றிலேயே பல பத்தாண்டாக மண் அகழ்கிறார்கள். நீர்கொழும்புக் கரையில் கருங்கல் அணை போட்டது துறைமுக நகரத்தைப் பற்றி யாரும் பேசுவதற்கு முன்பே. அதற்கு மேல்தான் கடலுக்குள் இருந்து ஆறரைக் கோடி கன மீற்றர் மண்ணை எடுத்தார்கள். எது எவ்வளவு கரையைக் கொண்டுபோனது என்று ஒரு வாடிக்காரர் நிரூபிப்பது கடினம். வாடி நிற்கும் நிலம் அநேகமாக அரச காணி, உறுதியும் இருக்காது. ஆகவே பெரிய தொகையை நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

வாழ்வாதாரப் பட்டியல் வேறு விஷயம், அதில் இடம் பிடிக்கலாம். அதற்குக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் இந்தக் கடலில் தொழில் செய்பவர் என்பதற்கான காகிதம். இங்கேதான் பாதிப்பேர் தவறுகிறார்கள். படகை அப்பா ஓட்டுவார், ஆனால் முற்பணம் கொடுத்த சம்மாட்டியின் (படகு முதலாளியின்) பெயரில் பதிவு இருக்கும். பட்டியல் பதிவைப் பார்த்துத்தான் எழுதப்படும், வேர்வையைப் பார்த்து எழுதப்படுவதில்லை. உங்கள் படகின் பதிவு யார் பெயரில் என்று இன்றைக்கே பாருங்கள். தொழில் அனுமதிப் பத்திரம் புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா கூலிக்குப் போகிறவர் என்றால் சங்க அங்கத்துவம், சந்தாத் துண்டு, மீன் விற்ற துண்டு, மண்ணெண்ணெய் வாங்கிய பில், எதுவும் விடாமல் ஒரு பையில் போடுங்கள். கரைக்குப் படம் எடுங்கள். ஆனால் அலையை மட்டும் எடுத்துப் பயன் இல்லை. கோயில் மதிலோ, ஒரு தென்னங்குற்றியோ, அசையாத ஒன்று படத்தில் தெரிய வேண்டும். மாதம் ஒரு தடவை, அதே இடத்தில் நின்று எடுங்கள்.

அப்புறம், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். கடற்றொழில் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள்: எங்கள் கிராமத்தில் நட்டஈட்டுப் பட்டியலில் எத்தனை பேர், எந்த அடிப்படையில் தெரிவு செய்தார்கள், புதிதாக ஏதாவது பட்டியல் தயாராகிறதா? விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் கேட்க அரசியலமைப்பே உரிமை தருகிறது. "தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வாங்க" என்பார்கள். இருபது வருடமாக எனக்கு இதே பதிலைச் சொல்கிறார்கள், அந்த அடுத்த கிழமை இன்னும் வரவில்லை. படிவம் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் கேள்விகளை எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஒரு காலக்கெடுவை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் இதனாலேயே நல்ல வழக்குகளை இழந்திருக்கிறேன். அரச அலுவலகம் ஒன்று உங்கள் அப்பாவின் பெயரை நியாயமில்லாமல் விட்டுவிட்டால், அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு ஒரு மாதம்தான். சங்கக் கூட்டம், பங்குத்தந்தை, மந்திரியின் இணைப்பாளர் என்று அலைந்து வருவதற்குள் அந்த மாதம் போய்விடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இதைக் கேட்டதும் "முறைப்பாடு போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்று உறங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. கடிதம் கொடுத்தது மட்டும் போதாது, அங்கே விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆணைக்குழு உங்கள் கடிதத்தை ஒரு கோப்பில் வைத்துவிட்டு மறந்தால், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். விசாரணைக்கு அழைத்த கடிதம், போன நாள், மறுமொழி எல்லாவற்றையும் வைத்திருங்கள். முடிந்தால் இந்த விலக்கை நம்பவே வேண்டாம், முதல் கிழமையிலேயே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஒரு கரையோர மனிதன் முப்பது நாளில் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும், அவனுக்கு ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத அலுவலகத்துக்கு மட்டும் மூன்று மாதம் போதாது. இதை யார் எழுதிவைத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடிதத்தின் அடியில், அடையாள அட்டையின் பிரதியையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதைத் திருப்பிக் கேளுங்கள், ஆனால் அவர் இன்னொரு பிரதி எடுத்திருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கிளைக்கு அப்பாவோடு நேரில் போய், அவர் பெயரில் புதிதாகக் கணக்கோ அட்டையோ கேட்டு யாரும் வந்தார்களா என்று விசாரியுங்கள். இனிமேல் யாருக்குப் பிரதி கொடுத்தாலும், எழுத்தின் மேலேயே குறுக்காகக் கோடிட்டு, "சங்க அங்கத்துவத்துக்கு மட்டும்" என்பதுபோலக் காரணத்தையும் திகதியையும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டு போனால் பார்த்தவுடனே தெரியும்.