சதை துடிக்கிறது, டாக்டர்!

சதை துடிப்பைப் பற்றி வந்த கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

மூன்று வாரமாகக் கெண்டைக்கால் துள்ளுகிறது. தேடிப் பார்த்தால் ஏ.எல்.எஸ். (சதையை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் நோய்) என்று வருகிறது. தூக்கமே போச்சு. வயது 29, ஐ.டி. வேலை.

தம்பி, துடிப்பை விடுங்கள். நுனிக்காலில் பத்து அடி நடக்க முடிகிறதா? குதிகாலில்? முடிகிறது என்றால் பாதி பதில் கிடைத்துவிட்டது. ஏ.எல்.எஸ். வந்தவர்கள் பெரும்பாலும் “துடிக்குது” என்று வருவதில்லை. “பூட்டுல சாவியைத் திருப்ப முடியல”, “செருப்பு காலில் நிக்க மாட்டேங்குது” என்றுதான் வருவார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னால் தோளில் தோலுக்கடியில் சதை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துள்ளிக்கொண்டிருக்கும். பல பேருக்கு அது தெரிந்தே இருக்காது, வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரியும். பலம் குறைவதும் சதை கரைவதும்தான் எங்களுக்குக் கவலை. வெறும் துடிப்பு அல்ல.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், துடிப்பு மட்டும் இருந்து வேறு கோளாறு இல்லாத 121 பேரை 2 முதல் 32 வருடம் வரை கவனித்து 1993-ல் எழுதினார்கள். ஒருவருக்குக்கூட ஏ.எல்.எஸ். உள்ளிட்ட மோட்டார் நியூரான் நோய் எதுவும் வரவில்லை. நீங்கள் காபியைக் குறைத்து, ராத்திரி தேடுவதை நிறுத்துங்கள். மனசு நிற்கவில்லை என்றால் ஒரு முறை நேரில் காட்டிவிடுங்கள்.

மெக்னீசியம் மாத்திரை போடலாமா?

ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் போடலாம். சும்மா வேண்டாம்.

இடது கண் துடித்தால் பெண்ணுக்கு நல்லது என்கிறார் மாமியார்.

மாமியாரோடு நான் சண்டைக்கு வரவில்லை அம்மா. இமை துடிப்பு தூக்கக் குறைவிலும் அலுப்பிலும் வரும், தானே போகும். கன்னமும் வாயோரமும் சேர்ந்து ஒரே பக்கமாக இழுத்தால் மட்டும் வாருங்கள்.

மகனுக்கு 20 வயது. வலது முன்கை மெலிகிறது, விரல் நடுங்குகிறது, குளிரில் கை மரத்த மாதிரி வேலை செய்யாது.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஹிராயாமா நோயாக இருக்கலாம். 1959-ல் ஜப்பானில் முதலில் எழுதப்பட்டது. நம் ஊரிலும் பார்க்கிறோம், அதிகமும் பையன்களிடம். கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் முன்பக்கமாக நெருக்கப்படும். அதனால் நேராகப் படுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் தப்பிப் போகலாம். குனிந்த நிலையிலும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சில வருடம் முன்னேறிப் பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆனால் போன சதை திரும்புவது கஷ்டம், அதனால்தான் சீக்கிரமே கழுத்துக்குக் காலர் போடுகிறோம்.

மெட்ராஸ் பெயரில் ஒரு நோய் உண்டாமே?

உண்டு. மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். 1970-ல் சென்னை மருத்துவர்கள் எழுதியது. இளவயதில் கைகால் மெலிவு, முகத்திலும் நாக்கிலும் பலக்குறைவு, கூடவே காது கேளாமை. ஏ.எல்.எஸ். மாதிரி வேகமாகப் போகாது. மிகவும் அபூர்வம், ஊர்ப் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

அப்பா வயலுக்கு மருந்து அடித்துவிட்டு வந்தார். தொடையெல்லாம் துடிக்கிறது, எச்சில் ஊறுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. அசதி என்கிறார்.

அசதி இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள், இப்போதே. சில பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும். நரம்பு சதைக்கு அனுப்பும் ரசாயனத்தை உடைக்கும் நொதியை அவை முடக்கிவிடும். சதை துடித்துத் துடித்துக் கடைசியில் ஓய்ந்துபோகும், மூச்சுவிடும் தசையும் சேர்த்து. வண்டி வருவதற்குள் சட்டை வேட்டியைக் கழற்றி, நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு, அவர் உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து டப்பாவையும் கூடவே கொடுத்தனுப்புங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.