கடலோர ஊர்க் காருக்கு என்ன டூல் கிட்?

கேள்வி: வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். ஐந்து வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் தினமும் போய்வருகிறேன். வழியில் நின்றுவிட்டால் சமாளிக்க டிக்கியில் எதையெல்லாம் வைத்திருக்க வேண்டும்? ஆன்லைனில் விற்கும் 46 பீஸ் சாக்கெட் செட் போதுமா?

பதில்: போதாது. அந்த வகை செட்டில் பெரும்பாலும் 4 முதல் 14 மி.மீ. வரைதான் சாக்கெட் இருக்கும். சக்கர நட்டோ 17, 19 அல்லது 21 மி.மீ. அந்தக் காசுக்கு நல்ல ஸ்பேனர் நாலைந்து வாங்கலாம்.

உங்கள் வழியில் காரை நிறுத்தப்போவது பெரும்பாலும் டயர் அல்லது பேட்டரி. உப்புக்காற்று படும் ஊர் என்பதால் இரண்டிலும் துரு, உப்புப்பூச்சு என்ற கூடுதல் தொல்லையும் உண்டு.

காரோடு வந்த வீல் ஸ்பேனர் குட்டை. பஞ்சர் கடையில் ஏர் கன்னால் முறுக்கிய நட்டில் துருவும் சேர்ந்தால் அது அசையாது. அரை அங்குல டிரைவில் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) ஒன்றரை முதல் இரண்டு அடி நீளக் கைப்பிடியும், உங்கள் நட்டு அளவுக்கான ஆழச் சாக்கெட்டும் வாங்குங்கள். வாங்கியதும் வீட்டு வாசலிலேயே நான்கு சக்கர நட்டுகளையும் ஒருமுறை தளர்த்தி முறுக்கிப் பாருங்கள். வராத நட்டு எது என்று தவளக்குப்பம் இருட்டில் தெரிந்துகொள்வதில் லாபமில்லை.

ஜாக்கி ஏற்றும் முன் ஹேண்ட் பிரேக்கும் முதல் கியரும் போட்டு, குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். சாலையோர மணலில் ஜாக்கி புதையும். ஓரடி நீளம், ஓரங்குல கனத்தில் ஒரு பலகைத் துண்டு டிக்கியில் கிடக்கட்டும். நட்டு கழன்றும் சக்கரம் வரவில்லையா? அலாய் வீல் ஹப்போடு (சக்கரம் உட்காரும் நடு இரும்பு) துருப்பிடித்து ஒட்டியிருக்கும். நட்டுகளை ஓரிரு சுற்று தளர்வாகத் திரும்பப் போட்டு, காரை இறக்கி, பக்கவாட்டில் ஆட்டினால் விட்டுவிடும். அடுத்த முறை டயர் மாற்றும்போது ஹப்பை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, நடு வளையத்தில் மட்டும் மெல்லக் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். நட்டு மரையில் கிரீஸ் கூடாது. அதே விசையில் முறுக்கினாலும் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

டியூப்லெஸ் பஞ்சர் கிட், ஆணி பிடுங்கக் கட்டிங் பிளையர், 12 வோல்ட் ஏர் பம்ப் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னியைத் தொடாமலே பல நாள் ஓட்டலாம். ஆனால் கிட்டில் உள்ள, ஓட்டையில் செருகும் ரப்பர் ஸ்ட்ரிப் வேலை டயரின் தரைபடும் பகுதிக்கு மட்டும்தான், பக்கச்சுவருக்கு ஆகாது. பம்ப் ஓடும்போது இன்ஜினும் ஓடட்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

பேட்டரிக்கு 10 மி.மீ. ரிங் ஸ்பேனரும் மலிவான மல்டிமீட்டரும் போதும். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல நிலை, 12.2-க்குக் கீழ் என்றால் பாதிக்கும் குறைவு. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். 13-ஐக்கூடத் தாண்டவில்லை என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, துடைத்து, மாட்டியபின் வாசலின் தடவுங்கள். நெகட்டிவ் கடைசியாகச் சேரட்டும்.

ஜம்பர் கேபிளில்தான் ஏமாற்று அதிகம்: கொழுத்த ரப்பருக்குள் ஒல்லிக் கம்பி. குறைந்தது 16 சதுர மி.மீ. செம்பு என்று கேட்டு வாங்குங்கள். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, கடைசி முனையை நின்றுபோன காரின் இன்ஜின் இரும்பில் கடியுங்கள். பேட்டரியின் மேலேயே பொறி பறக்கக் கூடாது. கழற்றுவது இதற்குத் தலைகீழ்.

மற்றவை சில்லறை: 10, 15, 20 ஆம்பியர் பியூஸ் இரண்டிரண்டு, ஹெட்லைட் பல்பு ஒன்று (கண்ணாடியை விரலால் தொடாதீர்கள்), இன்சுலேஷன் டேப், கேபிள் டை, தலையில் மாட்டும் டார்ச், கையுறை, ஒரு லிட்டர் கூலண்ட், எச்சரிக்கை முக்கோணம். முக்கோணத்தை நான்குவழிச் சாலையில் காருக்கு 50 மீட்டராவது பின்னால் வையுங்கள். இரும்புக் கருவிகளுக்கு லேசாக எண்ணெய் தடவி மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். துணிப்பை ஈரம் இழுக்கும்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரில் போய் இன்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சிலிண்டருக்குள் போன நீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்போது தேவைப்படுவது பம்பரில் திருகும் இழுவைக் கொக்கி. பெரும்பாலும் ஸ்டெப்னிக் குழியில் ஜாக்கியோடு இருக்கும். பழைய கார்களில் காணாமல் போயிருக்கும், இன்றே பார்த்துவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் உதவிக்கு 1033.