பெற்ற பிள்ளையிடம் கண்டிஷன் போடலாமா?

கேள்வி: சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரைத் தெருவில் விடுகிறார்களே, நம் சமுதாயத்தில் ஒழுக்கம் எங்கே போனது?

வீட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்றும் பேச்சு உங்கள் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பத்திரம் எழுதுவது என் தொழில். எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கோளாறு என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். கோளாறு நாம் கையெழுத்துப் போடும் தாளிலேயே இருக்கிறது.

சாதாரண செட்டில்மெண்ட் பத்திரம் ஒன்றை, அதாவது விலை வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை, எடுத்துப் படியுங்கள். சர்வே எண், நான்கு எல்லை, சதுர அடி, மின் இணைப்பு எண் எல்லாம் பிசகில்லாமல் இருக்கும். "உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" கொடுப்பதாக வரும். "இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்", "இனி எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை", "எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன்" என்று தொடரும். எழுதிக் கொடுக்கும் தாய்க்கு நாளை யார் சோறு போடுவது, அவர் எந்த அறையில் படுப்பது என்று ஒரு வரி இருக்காது. கேட்டால், "பெத்த பிள்ளைகிட்ட கண்டிஷனா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்பார்கள். நாலு பேருக்குப் பயந்து நடுத்தெருவுக்கு வருவதை நம் பண்பாடு என்று நாம் கொண்டாடுகிறோம். என் கோபம் அதன்மேல்தான்.

அவசரத்துக்குக் காரணம் செலவு. தமிழ்நாட்டில் கிரையத்துக்கு, அதாவது விற்பனைக்கு, முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று பொதுவாக 9 சதவீதம் ஆகும். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் இரண்டும் ஒவ்வொரு சதவீதம்தான்; அதிலும் 2023 ஜூலை முதல் உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய். மலிவாக இருக்கிறதே என்று உயிரோடு இருக்கும்போதே முழு உரிமையையும் கொடுத்துவிடுகிறார்கள்.

கொடுக்கத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். உயில் எழுதினால் முத்திரைத் தீர்வை இல்லை, பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட்தான் என்றால் இரண்டு விஷயம் பத்திரத்துக்குள்ளேயே வர வேண்டும். ஒன்று, வாழ்நாள் உரிமை: "என் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டில் நானே வசித்தும் வாடகை பெற்றும் அனுபவித்து வருவேன்." பிள்ளை விற்க நினைத்தாலும் வாங்குபவர் இந்தச் சுமையோடுதான் வாங்க வேண்டும், லேசில் ஆள் வராது. இன்னொன்று, பராமரிப்பு: "உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் தந்து என்னைப் பராமரிக்க வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் ரத்தாகத் தக்கது." வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள்.

இந்த இரண்டாவது வரியின் பலம் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில் இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிறைந்தவர் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால், செல்லாது என்று இந்தச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் அறிவிக்கலாம். பத்திரத்தில் நிபந்தனை இல்லாததால் தாயின் வழக்கு தோற்றதும் உண்டு. 2022 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படிப்பட்டது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக விரித்துப் படித்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அதே ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினம் வழக்கில், "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்பதிலேயே பராமரிப்பு நிபந்தனை அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் எதிர்த்தரப்பு 2022 தீர்ப்பைக் காட்டி வாதாடும்; எழுதியிருந்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

பிள்ளைகளை எல்லாம் திருடர்கள் என்கிறான் என்று யாராவது வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த நிபந்தனையால் ஒரு நஷ்டமும் இல்லை. அதற்கே முகம் சுளிப்பவரிடம் சொத்தைக் கொடுக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

  

ஏற்கெனவே எழுதிக் கொடுத்து ஏமாந்திருந்தால், நீங்களாகப் போய் ரத்துப் பத்திரம் பதிய முடியாது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். அவர்தான் தீர்ப்பாயத் தலைவர். வெள்ளைத்தாள் மனு, வயதுக்கு ஆதார், பத்திர நகல், புதிதாக எடுத்த வில்லங்கச் சான்று, மருத்துவச் செலவு ரசீதுகள். வில்லங்கத்தில் வங்கி அடமானம் ஏறியிருந்தால் மனுவிலேயே குறிப்பிடுங்கள். அதை மறைத்தால் பிறகு வங்கி குறுக்கே வரும். மாதாமாதம் பணமும் வேண்டுமென்றால் அதே மனுவில் தனியாகக் கேளுங்கள். இப்போதைய உச்சவரம்பு 10,000 ரூபாய். பிள்ளைக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாளில் அந்தக் கோரிக்கையை முடிக்க வேண்டும் என்பது சட்டம். தோற்றால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. அலுவலகத்துக்குப் போக முடியாதவர்கள் 14567க்குப் போன் செய்து வழி கேட்கலாம், கட்டணம் இல்லை.