பையன்கள் மைதானத்தில் – கடிதம்

அன்புள்ள ஐயா,
எங்கள் பள்ளியில் மாணவிகளுக்கு இணையப் பாதுகாப்புக் கூட்டம் நடத்தவிருக்கிறோம். அந்த நேரம் பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவோம். மாணவி ஒருத்தியின் படத்தை ஆபாசமாக மார்பிங் செய்து, வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டு, அவளை மிரட்டியும் இருக்கிறார்கள். வீட்டில் போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். பள்ளியின் பெயர் கெடாமல் பார்த்துக்கொண்டோம். பெண்களின் எச்சரிக்கை பற்றிச் சங்கப் பாடல் ஏதும் சொல்வீர்களா?
– ஓர் ஆசிரியர், மதுரை மாவட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சங்கப் பாடல் கிடக்கட்டும். அந்த மாணவியைப் பற்றி நீங்கள் எழுதிய மற்ற விவரங்களை நீக்கிவிட்டே இதை வெளியிடுகிறேன். அவற்றை எனக்கு எழுதியிருக்கவே கூடாது.

நான் வளர்ந்தது சிம்மக்கல்லில், வைகையை ஒட்டிய ஒரு சந்தில். ஒருநாள் காலை ஒரு வீட்டுச் சுவரில், பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அக்காவின் பெயரும் அதன்கீழ் வாய் கூசும் ஒரு வரியும் கரியால் எழுதியிருந்தன. தெருவே நின்று படித்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்கப் போனது. அவருடைய அப்பா சுண்ணாம்பு அடித்தார். காய்ந்ததும் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. மறுபடி அடித்தார். அந்த வாரமே அக்காவின் படிப்பு நின்றது, ஆனியில் கல்யாணம். எழுதியவன் யாரென்று எல்லோருக்கும் தெரியும். 'ழ'வின் வாலை அப்படி இழுத்து எழுத எங்கள் தெருவில் ஒருவன்தான் இருந்தான். அவன் வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை.

போனைப் பூட்டியதும் அதே சுண்ணாம்புதான். மிரட்டுகிறவன் எதை நம்பி மிரட்டுகிறான்? 'வீட்டுக்குத் தெரிந்தால் போனும் போகும், படிப்பும் போகும்' என்ற அவளுடைய பயத்தை நம்பித்தான். அந்தப் பயத்தை அவனுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் பெற்றவர்கள். போதாக்குறைக்கு, சாட்சியமும் அந்தப் போனில்தான் இருக்கிறது. எதையும் அழிக்க வேண்டாம்; 'பாருங்கள் அநியாயத்தை' என்று இன்னொருவருக்கு அனுப்பவும் வேண்டாம்.

பள்ளியின் பெயரா? 18 வயது நிரம்பாத பிள்ளையை, பொய்யாக ஒட்டிய ஆபாசப் படமானாலும், அதை வைத்து மிரட்டுவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் துன்புறுத்தல். விஷயம் தெரிந்தவர் போலீஸில் சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. உங்களைத்தான் சொல்கிறேன், ஐயா. மனசு கேட்காமல்தான் எனக்கு எழுதினீர்கள், புரிகிறது. ஆனால் எழுத வேண்டிய இடம் நான் இல்லை.

உதவி எண்கள் இரண்டு: இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகளுக்கு 1098. கரும்பலகையில் எழுதிப் போட்டால் முடிந்தது. அதற்கு ஒரு மணி நேரம் பெண்பிள்ளைகளை உட்காரவைத்துத் துப்பட்டாவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. உட்கார வேண்டியவர்கள் மைதானத்தில் பந்து உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகளின் ஆபாசப் படத்தைச் செய்தவனோடு, அதைப் பரப்பியவனையும் இறக்கி வைத்துக்கொண்டவனையும் பிடிக்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு. முதல் தடவையே ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். சிரிக்கும் எமோஜி போட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்ட பையனுக்கு இதை யார் சொன்னார்கள்?

கூட்டம் அடுத்த வாரம் நடக்கட்டும். இன்று காவல் நிலையத்துக்குப் போங்கள், அங்கிருந்து அவள் வீட்டுக்கு. போன் போலீஸிடம் இருக்க வேண்டுமென்றால் இருக்கட்டும், அப்பாவின் பீரோவில் வேண்டாம். திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.