பக்கத்தில் இடிபடும் ஒன்பது மாடி: தடை உத்தரவு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து ஒன்பது மாடிப் பழைய ஹோட்டலுக்கும் நடுவே ஆறடிச் சந்துதான் இருக்கிறது. அடித்தளத்தில் தீப்பிடித்த பிறகு அந்த ஹோட்டல் மூடியே கிடந்தது. இப்போது வாங்கியவர் அதை இடிக்கப் போகிறார். குழாய்களிலும் தளத்துக் கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக அங்கே வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் சொல்கிறார். பில்டரின் ஆட்கள் மூன்று லட்ச ரூபாயும் முத்திரைத்தாளும் கொண்டுவந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. கூட்டுப் பட்டாவில் பங்குள்ள என் கொழுந்தன் எனக்குத் தெரியாமல் போட்டுவிட்டார். கலெக்டரிடம் மனு கொடுத்தும் பயனில்லை. மாமியாருக்கு இப்போதே இருமல். கோயில் உயரக் கட்டுப்பாட்டை மீறிக் கட்டிய கட்டடம் அது. வெடி வைத்துத் தகர்ப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. சாரம் கட்டிவிட்டார்கள், உள்ளே இன்னும் ஆள் இறங்கவில்லை. உடனே தடை உத்தரவு வாங்க வழி சொல்லுங்கள்.
- வாசகி, ஆரப்பாளையம், மதுரை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான்: "உள்ளே இன்னும் ஆள் இறங்கவில்லை." உங்கள் வழக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மற்றவற்றை வேகமாகத் தள்ளிவிடுகிறேன். கொழுந்தன் போட்ட கையெழுத்து அவர் பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும். இந்த நேரத்தில் அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நாளை அவரே உங்களுக்குச் சாட்சியாகத் தேவைப்படலாம். திங்கட்கிழமைக் குறைதீர் மனுவால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்பது உண்மை. ஆரப்பாளையம் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. உள்ளே இருந்தாலும், இடிக்க வந்தவரிடம் "ஏன் உயரமாகக் கட்டினாய்" என்று கேட்டு என்ன கிடைக்கும்? வெடி விஷயமும் அப்படித்தான். 2016இல் மௌலிவாக்கத்திலும் 2022இல் நொய்டாவிலும் வெடி வைத்துத் தகர்த்தவை யாரும் குடியேறாத கட்டடங்கள். ஆஸ்பெஸ்டாஸ் உள்ள கட்டடத்தை அப்படித் தகர்த்தால் நார்த்தூசி ஊர் முழுக்கப் போகும். முதலில் அதைத் தனியே பிரித்தெடுத்து, பிறகு மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு தளமாக இறக்குவதுதான் முறை.

மாமியாரின் இருமலை மனுவில் சேர்க்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் நாரை மூச்சில் இழுப்பதால் வரும் நோய் வெளியே தெரிய 20, 30 ஆண்டுகள்கூட ஆகும். இன்னும் உடைக்காத கட்டடத்தால் இன்றைக்கு இருமல் என்று எழுதினால், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய்யோடு உங்கள் ஒன்பது உண்மைகளும் சேர்ந்து போகும். "தடை செய்யப்பட்ட பொருள்" என்றும் எழுதாதீர்கள். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இந்தியாவில் இன்றும் சட்டப்படி விற்பனையாகும் பொருள். அதைக் கழிவாக அப்புறப்படுத்தும் முறையில்தான் சட்டம் இருக்கிறது.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். தூசியாலோ அதிர்வாலோ சேதம் ஏற்பட்டால், தவறு யாருடையது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. ஆபத்தான பொருளைக் கையாள்பவர் முழுப் பொறுப்பாளி என்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் சொல்லிவிட்டது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் 17ஆம் பிரிவும் அந்த வழியில்தான் போகிறது. ஆனால் சேதம் இருக்கிறது, அது இந்த வேலையால்தான் வந்தது என்ற இரண்டையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆள் இறங்கிய மறுநாள் எடுத்த புகைப்படத்தால் இரண்டாவதை நிரூபிக்க முடியாது. "இந்த விரிசல் பழசு" என்று அவர்கள் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.

ஆகவே இந்த வாரமே ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து, வீட்டின் ஒவ்வொரு சுவரையும் அளந்து அறிக்கை எழுத வையுங்கள். இருக்கும் விரிசல்களையும் மறைக்காமல் காட்டுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை சிமென்ட் வைத்து ஒட்டி, அதன்மேல் தேதி எழுதுவது பழைய முறைதான், ஆனால் நீதிமன்றத்தில் நன்றாகப் பேசும்: சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். செல்போன் படங்களுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அந்த செல்போனைக் கையாண்டவரும் ஒரு நிபுணரும் அதில் கையெழுத்திட வேண்டும் என்பதால் பேரனிடம் கொடுத்து எடுக்கச் சொல்லிவிட்டு அவனை வெளியூருக்கு அனுப்பிவிடாதீர்கள். அறிக்கையின் நகலை பில்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

இனி தடை உத்தரவு. பில்டர் ஆட்கள் மிரட்டுவதுபோல, தடை வாங்கியதற்காக உங்கள் மேல் கோடிக்கணக்கில் நஷ்டஈடு விழாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவில் நீதிமன்றம் போடக்கூடியது 50,000 ரூபாய் வரைதான். தடை கிடைக்காது என்றும் நான் சொல்லவில்லை. கிடைத்துவிடும் என்பதுதான் என் பயம்.

நடப்பது இதுதான். நீங்கள் மனுப் போட்டு, நீதிமன்றம் அதற்கு வழக்கு எண் கொடுத்து, விசாரணைக்கு வருவதற்குள் ஆட்கள் உள்ளே இறங்கியிருப்பார்கள். நம் ஊரில் இடிப்பு ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் கட்டட உரிமையாளரிடம் கூலி வாங்குவதில்லை. அவர்தான் உரிமையாளருக்குப் பணம் கொடுக்கிறார். அவருடைய லாபம் கம்பியிலும் கதவு ஜன்னலிலும் செம்புக் குழாயிலும் இருக்கிறது. எனவே முதல் வாரத்திலேயே ஜன்னல் சட்டங்கள் இறங்கும், பொய்க்கூரை இறங்கும். ஏசி குழாயைச் சுற்றிய பஞ்சுப் பொதிவை வெறுங்கையால் கிழித்து மூலையில் குவித்துவிட்டுக் குழாயை வெட்டி எடுப்பார்கள். தலையில் துண்டு கட்டிய கூலித் தொழிலாளிக்கு அது என்ன பொருள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நிலையில் உங்கள் தடை வருகிறது: "தற்போதைய நிலை அப்படியே தொடர வேண்டும்."

அப்படியே தொடர்கிறது. ஜன்னல் இல்லாத ஒன்பது மாடி, தளத்துக்குத் தளம் குவித்த பொதிவு, மேலே ஆடிக் காற்று. தண்ணீர் தெளித்து மூடப் போனால்கூட நீதிமன்ற அவமதிப்பு என்று ஒப்பந்தக்காரர் கை விரிப்பார். சில நேரம் அது உண்மையும்கூட. வாய்தா மேல் வாய்தா. மூலதனம் முடங்கிய உரிமையாளர் காவலாளியையும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார். சிம்மக்கல் பக்கம் என் கட்சிக்காரர் ஒருவர் இப்படி ஒரு பழைய கட்டடத்துக்குத் தடை வாங்கி ஜெயித்தார். அரைகுறையாக உரிக்கப்பட்ட அந்தக் கட்டடத்துப் பக்கம் இருந்த ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டு அவர் குடும்பம் வாழ்ந்தது. கடைசியில் தடையை விலக்கச் சொல்லி அவரே மனுப் போட்டார். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இது நம் ஊர் நீதிமன்றத் தாமதம் மட்டும் என்று நினைக்காதீர்கள். நியூயார்க்கில் லிபர்ட்டி தெருவில் டாய்ச்சு வங்கியின் உயர்ந்த கட்டடம் ஒன்று இருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலில் அதன் முகப்பு கிழிந்து, ஆஸ்பெஸ்டாஸ், ஈயம், டையாக்சின் போன்ற நச்சுகள் எல்லாம் உள்ளே படிந்தன. உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனங்களும் மல்லுக்கட்டியதில் ஆண்டுகள் போயின. பிறகு அரசு அமைப்பு ஒன்று 2004இல் வாங்கி, தூசி வெளியேறாமல் தளங்களைப் பாலித்தீனால் மூடித் தளம் தளமாக இறக்கியது. 2007 ஆகஸ்டில் உள்ளே தீப்பிடித்தது. தீயணைப்புத் தண்ணீர்க் குழாயை அடித்தளத்தில் ஏற்கெனவே கழற்றிவிட்டிருந்ததால் மேலே தண்ணீர் ஏறவில்லை; புகையும் பாலித்தீனும் அடைத்த மாடிப்படிகளில் வழி தெரியாமல் இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். கட்டடம் முழுவதுமாக இறங்க 2011 ஆகிவிட்டது. பாதி நிலையில் நிற்கும் நச்சுக் கட்டடம், முழுதாக நிற்பதைவிடவும் இடிந்து போனதைவிடவும் ஆபத்தானது. நம் ஊரிலும் 2020 தீபாவளியின்போது விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் பழைய கட்டடம் சரிந்து இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே தடைக்குப் போகாதீர்கள். சமரசம் செய்துகொள்ளுங்கள். "பயந்துபோன வக்கீல்" என்று நீங்கள் நினைத்தாலும் சரி. சாரத்துக்கு வாடகையும் வங்கிக்கு வட்டியும் பில்டருக்கு நாள்தோறும் ஓடுகிறது. ஆள் இறங்கும்வரை பேரத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அந்த பலத்தை மூன்று லட்சத்துக்கு விற்காதீர்கள். பணத்தைக் குறைத்துக்கொண்டாவது நிபந்தனைகளை வாங்குங்கள்.

முதல் நிபந்தனை, எந்தத் தளத்தில் எங்கே என்ன இருக்கிறது என்ற ஆஸ்பெஸ்டாஸ் கணக்கெடுப்பு எழுத்தில் வேண்டும். மாதிரி எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதித்திருக்க வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயும் டியூப்லைட்டுகளும் அந்தக் கணக்கில் வரட்டும். பொதிவை நனைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தத் தளத்தை மூடி, காற்றை வடிகட்டி வெளியேற்ற வேண்டும். இரட்டைப் பையில் கட்டி, அபாயக் கழிவுக்கான படிவம் 10 போட்டு, கும்மிடிப்பூண்டி போன்ற அனுமதி பெற்ற கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். அது இல்லையென்றால் லாரி வைகைக் கரைக்கோ ஏதோ ஒரு கண்மாய்க்கோ போயிருக்கிறது என்று அர்த்தம். "கழித்த ஆஸ்பெஸ்டாஸ் என்று 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் அட்டவணையில் இருப்பது தொழிற்சாலைக் கழிவுக்குத்தான்" என்று அவர்கள் வழக்கறிஞர் வாதாடுவார். அந்த வாதத்தில் இறங்காமல் ஒப்பந்தத்திலேயே பெயரிட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தளம் இறங்கும்வரை தீயணைப்புக் குழாயில் தண்ணீர் இருக்க வேண்டும், மாடிப்படி ஒன்றாவது திறந்திருக்க வேண்டும் என்றும் எழுத வையுங்கள். பொதிவு எடுக்கும் வாரங்களில் நீங்களும் மாமியாரும் வேறு வீட்டில் இருக்கும் வாடகை அவர்களுடையது.

பணத்துக்குக் காப்பீட்டுப் பாலிசியைக் காட்டுவார்கள். முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள். விலக்குகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். ஆஸ்பெஸ்டாஸும் மாசும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதனால் வங்கி உத்தரவாதம் கேளுங்கள்; அவர்கள் பணம் தராவிட்டால் வங்கி தர வேண்டியிருக்கும். உரிமையாளர், பில்டர், இடிப்பு ஒப்பந்தக்காரர் மூவரும் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தக்காரர் மட்டும் போட்டால், வேலை முடிந்ததும் அவர் செல்போன் எண்ணும் சேர்ந்தே மறைந்துவிடும்.

இப்போது வந்திருக்கும் முத்திரைத்தாளில் "இனி எக்காலத்திலும் எவ்வித உரிமையும் கோர மாட்டேன்" என்ற வரி நிச்சயம் இருக்கும். சுவர் விரிசலுக்கு அந்த வரியைக் கொடுங்கள், கவலையில்லை. உடல்நலத்துக்குக் கொடுக்காதீர்கள். இருபது ஆண்டு கழித்து வரக்கூடிய நோய்க்கான உரிமையை இன்று எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று வேறு வக்கீலிடம் போய் அழுவதில் பயனில்லை.

அவர்கள் எதற்கும் இறங்கி வரவில்லையென்றால்தான் வழக்கு. அப்போதும் விரிசலையும் தூசியையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். சுற்றுச்சூழல் கோரிக்கையை உரிமையியல் நீதிமன்றத்தில் போட்டால், பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29ஆம் பிரிவைக் காட்டி அதிகார வரம்பில்லை என்று இரண்டு ஆண்டு கழித்துத் திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் 14ஆம் பிரிவின் ஆறு மாதக் கெடு போயிருக்கும். இழப்பீடு கேட்க மட்டும் ஐந்து ஆண்டு உண்டு. தூசிக்குத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு, சுவருக்கு இங்கேயே உரிமையியல் நீதிமன்றம். மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கடமையைச் செய்யவில்லை என்றால் மட்டும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. எங்கே போனாலும் "வேலையை நிறுத்து" என்று கேட்காதீர்கள். "கணக்கெடுப்பு முடியும்வரை எதையும் பிரிக்காதே, நனைப்பது, மூடுவது, முட்டுக் கொடுப்பது ஆகியவற்றைத் தொடர்ந்து செய்" என்று கேளுங்கள். கோரிக்கையின் அந்த இரண்டாம் பாதியை உங்கள் வழக்கறிஞர் எழுத மறந்தால் நினைவுபடுத்துங்கள். பொறியாளர் அறிக்கை இல்லாமல் இந்த மனுவோடு என்னிடம் வந்தால் நான் தாக்கல் செய்ய மாட்டேன். வேறு யாராவது செய்து கொடுப்பதாகச் சொன்னால் அவரிடமும் கொடுக்காதீர்கள்.